குலுங்காத நாற்காலி

மாமனார் நேசகுமாரின் வெள்ளைச் சட்டையில் காபி கொட்டியதும் கிளமென்ட் முதலில் மோட்டாரைத் திட்டினான். அந்த மோட்டாரைச் செய்தவன் தான்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது.

அவன் திருப்பதியில் ஒரு கம்பெனியில் மோட்டார் டிசைன் இன்ஜினியர். சித்தூரில் இருக்கும் மாமனாருக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்ததும், யாரும் கேட்காமலே மின்சாரச் சக்கர நாற்காலி ஒன்றைச் செய்து கொண்டுவந்து நிறுத்திவிட்டான். வண்டி ஓடத்தான் செய்தது. மெதுவாகப் போனால் மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது.

"நல்லாத்தான் கீது மாப்ள," என்றார் நேசகுமார், சட்டையைத் துடைத்தபடி.

"எங்க நைனா கொலுங்கிக்கினு கீறாரு, உங்களுக்குத் தெரியலியா?" என்றாள் மனைவி ஜெமிமா.

"அதுக்குப் பேரு ரிப்பிள், ஜெமி. உள்ள சுத்துற காந்தம், எதிர்ல இருக்குற இரும்புப் பல்லு ஒவ்வொண்ணயும் புடிச்சுக்கினு உடமாட்டேங்குது. உடும்போது எகிறுது."

"உங்கள மாதிரியே செஞ்சி வெச்சிருக்கீங்க."

கிளமென்ட் நாற்காலியைத் திருப்பதிக்குத் தூக்கிப் போனான். காந்தங்களைக் கொஞ்சம் சாய்த்து ஒட்டினான். சாய்ந்த காந்தம் ஒரு பல்லை ஒரேயடியாகக் கவ்வாது, ஒரே வீச்சில் விடவும் செய்யாது. குலுக்கல் குறைந்தது. கூடவே இழுவையும் குறைந்தது. அந்த ஞாயிறு சித்தூர் சர்ச் வாசல் சரிவில் பாதி ஏறிய நாற்காலி சற்று யோசித்தது. பிறகு பின்பக்கமாகவே இறங்கி, பவனியாக வந்துகொண்டிருந்த பாடகர் குழுவுக்குள் புகுந்தது.

"நல்லாத்தான் கீது மாப்ள," என்றார் நேசகுமார், ஒரு பாட்டுப் புத்தகத்தை மடியிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே.

கிளமென்ட் இன்னும் வலுவான காந்தங்களைப் பொருத்தினான். இப்போது சரிவில் ஆட்டுக்கடா மாதிரி ஏறியது. ஆனால் குலுக்கல் முன்னைவிட மோசம். நற்கருணை வாங்க அவர் மெல்லப் போகையில் தலை முதல் கால் வரை நடுங்கினார். ஊருக்குப் புதிதாக வந்திருந்த ஒரு அம்மாள், "ஆவியானவர் எறங்கிட்டாரு, ஸ்தோத்திரம்!" என்று கை உயர்த்தினாள். இறங்கியது பல்செட். மடியில் விழுந்ததை எடுத்து மாட்டிக்கொண்டு நேசகுமார் திரும்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான்…"

"வேணாம் மாமா, சொல்லாதீங்க," என்றான் கிளமென்ட்.

கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ரிப்பிளை ஒழிப்பது எப்படி என்று வகுப்பு எடுப்பவனே அவன்தான். அந்த வாரம் வகுப்பில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

லீவு போட்டு மறுபடி முதலிலிருந்து வரைந்தான். எல்லாக் காந்தங்களும் ஒரே சமயத்தில் பற்களுக்கு நேரே வந்து நிற்காதபடி பற்களின் எண்ணிக்கையை மாற்றினான். ஒவ்வொரு பல் நுனியிலும் சின்னதாகப் பள்ளம் வெட்டினான்.

அடுத்த ஞாயிறு நேசகுமார் உட்கார்ந்து விசையைத் தொட்டார். நாற்காலி எண்ணெயில் வழுக்குவதுபோல நகர்ந்தது. அவர் பேப்பரைப் பிரித்து, வண்டி ஓட ஓட உரக்கப் படித்தார். ஒரு எழுத்துகூடத் தவறவில்லை.

"பரவால்ல, இன்ஜினியர்தான்," என்றாள் ஜெமிமா. கல்யாணமானதிலிருந்து அவள் கொடுத்த முதல் சர்டிபிகேட். கிளமென்டுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, காரில் ஏதோ எடுப்பதுபோல வெளியே போனான்.

பக்கத்து வீட்டு லட்சுமம்மா கோலமாவுக் கிண்ணத்தோடு நிமிர்ந்தாள்.

"வண்டி சரியாப் பூடுச்சாமே? அய்யோ பாபம், மத்த நாள்லாம் மார்க்கெட்டு வரிக்கும் நடந்தே போய்க்கினு வர்ற மனுசன், நீ வர்ற ஞாயித்துக்கெழம மட்டும், 'மாப்ள ஆசையா செஞ்சது'ன்னு அதுல ஒக்காந்து இடுப்பு நோவு வாங்கிக்கினு இருந்தாரு!"