வெளிநடப்பு டைம்கீப்பர்

விடியற்காலையில் எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் நின்றாலும் எனக்கு ஒரே ஆளின் ஞாபகம் வரும். காரணம் ஒரு வாசனை. முதல் வண்டியின் டிரைவர் சாமி படத்துக்குச் சாம்பிராணி காட்டுவார். அதே நேரத்தில் எஞ்சின் இருமி, ஒரு வாய் டீசல் புகையைக் கக்கும். இரண்டும் கலந்து ஒரு நெடி எழும்புமே, அதில் பாதி பூசை, பாதி போக்குவரத்து. அந்த நெடிக்குள்ளிருந்து காக்கிச் சட்டை போட்ட ஒருவர் எழுந்து விறுவிறுவென்று வெளியே நடப்பார். போகிறாரே, திரும்பி வருவாரா என்று இத்தனை வருஷம் கழித்தும் எனக்குப் பதைக்கிறது.

சேலம் ஜில்லாவில் பிறந்த கத்தோலிக்கர்களிலேயே மாதா கோயிலை விட்டு அதிகத் தடவை வெளியேறியவர் அவர்தான். அதிகத் தடவை திரும்பி வந்தவரும் அவர்தான். ஞானஸ்நானத்தில் அவருக்கு ஏதோ ஒரு அர்ச்சியசிஷ்டவரின், அதாவது புனிதரின், பெயரை வைத்திருப்பார்கள். அது அவருக்கே மறந்திருக்கும். பஸ் கம்பெனியில் அவர் வண்டிகளை நேரத்துக்கு அனுப்புகிற டைம்கீப்பர். கோயிலில் அவர் ‘வெளிநடப்பு’. சட்டசபையில் எதிர்க்கட்சிக்காரர்கள் எழுந்து போவதைப் பத்திரிகைகள் அந்தச் சொல்லால் எழுதிக்கொண்டிருந்த காலம். எங்கள் கோயிலைச் சேர்ந்த பங்கு மக்கள் அதைப் பிடித்து அவர்மேல் ஒட்டிவிட்டார்கள்.

நான் அப்போது செவ்வாய்ப்பேட்டையில் ஒரு நூல் மண்டியில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஆர்மோனியம் வாசிப்பேன். என் இடத்திலிருந்து பார்த்தால் மொத்தக் கோயிலும் தெரியும். பெஞ்சு கிடையாது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், தரையில். டைம்கீப்பர் வாசல் ஓரமாக உட்கார்ந்திருப்பார். பூசை லத்தீனில் போகிறவரை பரம சாது. பூசை வைக்கிற சாமியார் தமிழில் பிரசங்கம் தொடங்கியதும் அவருடைய காது நிமிரும். நாய்க்கு நிமிர்கிற மாதிரி நிமிரும். பிடிக்காத வாக்கியம் ஒன்று வந்தால் போதும், எழுந்து, பின்பக்கத் தூசியைப் பொறுமையாகத் தட்டி, ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே போய்விடுவார். வெளியே போய் எங்கும் போகமாட்டார். செருப்பைப் போட்டுக்கொண்டு ஜன்னலுக்கு நேராக நின்று மிச்சப் பிரசங்கத்தையும் ஒரு எழுத்து விடாமல் கேட்பார். பிரசங்கம் முடிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து முழந்தாளிடுவார்.

சினிமா பார்ப்பது பாவம் என்று பிரசங்கம் வந்த அன்று மூன்றாவது வாக்கியத்திலேயே எழுந்துவிட்டார். அன்றைக்கு மாட்னிக்கு அவர் குடும்பத்தோடு கிளம்புவதாக இருந்தது பிறகு தெரிந்தது. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளைப் பற்றிப் பிரசங்கம் வந்த அன்று அவர் தட்டிய தூசியில் பக்கத்திலிருந்த நாலு பேர் தும்மினார்கள். பணக்காரர்களைக் கண்டித்து வந்த பிரசங்கத்துக்கு மட்டும் கடைசிவரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். முன்வரிசை முதலாளிகளின் முதுகைப் பார்த்துக்கொண்டே, முகமெல்லாம் பல்.

எல்லாரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. அவர் எழுந்ததும் என் விரல்கள் வேர்த்துக் கட்டைகளில் வழுக்கும். அவர் எழுந்த இடங்களிலெல்லாம் எனக்கும் உள்ளே ஏதோ ஒன்று எழுந்திருக்கும். கால் மட்டும் எழாது. ஒருநாள் இந்த மனிதர் திரும்பி வராமலே போய்விட்டால், அவருடைய செருப்புச் சத்தத்தின் பின்னால் நானும் போய்விடுவேனோ என்று பயம். ஏழு தலைமுறைக் கத்தோலிக்க வேதக்காரக் குடும்பம் எங்களுடையது. போனால் எங்கே போவது, செத்தால் எங்கே புதைப்பார்கள் என்றெல்லாம் ஆர்மோனியத் துருத்தியை அமுக்கிக்கொண்டே யோசிப்பேன்.

அவருடைய சண்டைக்கெல்லாம் வேர் ஒரே ஆள்தான். நாச்சிமுத்தண்ணன். மல்லசமுத்திரத்துக்காரர், இந்து, காடு தோட்டமுள்ள குடும்பம், அதே கம்பெனியில் டிரைவர். ஆட்டையாம்பட்டி, மல்லசமுத்திரம் வழியாகத் திருச்செங்கோடு போகும் வண்டி அவருடையது. யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரியை எரித்து எடுக்கிற கரிக்கேஸில் ஓடியதே, அப்போது டைம்கீப்பரின் சம்சாரத்துக்குப் பஸ் ஸ்டாண்டிலேயே பிரசவ வலி கண்டுவிட்டது. நாச்சிமுத்தண்ணன் அந்த அம்மாளை ஏற்றிக்கொண்டு, வண்டி நிறைய இருந்த ஜனத்தோடு ஆஸ்பத்திரிக்குத் திருப்பிவிட்டார்.

“ஏனுங்க டிரைவரே, நான் திருச்செங்கோட்டுக்குல்லங்க டிக்கெட் எடுத்தேன்?” என்று ஒருவர் கத்தியிருக்கிறார்.

“எறங்கோணும்னா எறங்கிக்குங்க. புள்ளை பொறக்கற வரைக்கும் திருச்செங்கோடு அங்கயேதான் நிக்கும்!”

அப்படிப் பிறந்த பெண்ணுக்குக் கோயிலில் வைத்த பெயர் மரியபுஷ்பம். நாச்சிமுத்தண்ணன் வைத்த பெயர் பஸ்ஸுக்குட்டி. இதுமட்டுமில்லை. வெள்ளிக்கிழமை எங்களவர்கள் கறி தின்னக் கூடாது. டைம்கீப்பர் இலைக்கு முன்னால் தனியாக ரசத்தைப் பிசைந்துகொண்டு உட்காருவதைப் பார்க்கச் சகிக்காமல் நாச்சிமுத்தண்ணனும் வெள்ளிக்கிழமைக் கறியை விட்டுவிட்டார். “கெடையில இருக்கற ஆடு எங்கயும் போயிராது. நாளைக்குத் தின்னுக்கலாம் டைமு” என்பாராம். எங்கள் பங்கிலேயே அவரைப்போல வெள்ளிக்கிழமையை அனுசரித்தவர் கிடையாது.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஞானஸ்நானம் இல்லாதவர்களுக்கு மோட்சம் இல்லை என்று பிரசங்கம். எல்லாருடைய தலையும் வாசல் பக்கம் திரும்பிற்று. டைம்கீப்பர் எழுந்தார். தூசி தட்டவில்லை. பஸ் ஸ்டாண்டின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குக் கேட்கிற அந்தக் குரலில் கேட்டார்:

“அப்ப நாச்சிமுத்தண்ணன் எங்கீங்க சாமி போவாரு?”

பெண்கள் பக்கத்தில் ஒரு குழந்தை மட்டும் விக்கியது. சாமியார் நல்லவர், கூச்ச சுபாவம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். “பூசை முடிஞ்சு சங்கீஸ்துக்கு வாங்க டைம்கீப்பர்” என்றார்.

பூசை உடுப்பு வைக்கிற அந்தச் சின்ன அறையில் சாமியார் ஒரு வழி சொன்னார். உண்மையை அறிந்திருந்தால் ஞானஸ்நானம் வாங்கியிருப்பேன் என்கிற ஆசை ஒருவனுடைய மனதில் மறைவாக இருந்தாலும் போதும், சர்வேசுரன் அதைக் கணக்கில் எடுப்பாராம். அதற்கு ஆசை ஞானஸ்நானம் என்று பெயர். டைம்கீப்பர் தலைதெறிக்க பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

“அண்ணா, உள்ளுக்குள்ள உங்களுக்கு ஏதாச்சும் ஆசை இருக்குதுங்களா?”

டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்த நாச்சிமுத்தண்ணன் நிமிர்ந்தார். “இருக்குது டைமு. ரொம்ப நாளா.”

“என்னதுங்கண்ணா?” டைம்கீப்பருக்குக் கண் கலங்கிவிட்டது.

“அந்த ஆட்டையாம்பட்டி வளைவுல ரோட்டு மேல கட்டில் போட்டுப் படுத்திருக்கறானே ஒருத்தன், அவனை ஒரு நாளைக்கு எறங்கி ரெண்டு சாத்து சாத்தோணும்.”

மோட்சத்துக்கு அது போதாது.

சித்திரையில் மரியபுஷ்பத்துக்கு ஓமலூர்ப் பக்கம் மாப்பிள்ளை அமைந்தது. எங்கள் வழக்கப்படி மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. முதல் ஓலை வாசித்த வாரத்தில் நாச்சிமுத்தண்ணன் விஷக்காய்ச்சலில் விழுந்தார். பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நினைவு தப்பிவிட்டது. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

ஒரு மத்தியானம் டைம்கீப்பர் நூல் மண்டிக்கு வந்தார். கையில் சோடா பாட்டில் நிறையத் தண்ணீர். “எந்திரிச்சு வாப்பா. சாட்சிக்கு ஒரு ஆளு வேணும்” என்றார்.

எதற்கென்று எனக்குத் தெரிந்துவிட்டது. சாகிற அவசரத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது எங்கள் பிள்ளைகளுக்கெல்லாம் மனப்பாடம். நெற்றியில் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஊற்றும்போதே ஒரு வரி சொல்ல வேண்டும். அவ்வளவுதான், மோட்சம் நிச்சயம். வழியெல்லாம் அவர் அந்த வரியை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

நாச்சிமுத்தண்ணனின் சம்சாரம் கஞ்சி வாங்கப் போயிருந்தார். கட்டிலில் அந்தப் பெரிய உடம்பு அவிழ்த்துப் போட்ட வேட்டியைப் போலக் கிடந்தது. டைம்கீப்பர் பாட்டிலைத் தூக்கினார். பாட்டிலின் வாயில் ஒரு சொட்டு திரண்டு நின்றது. உலகமே அந்தச் சொட்டுக்குள் தலைகீழாகத் தெரிந்தது.

“ஊத்துங்க” என்றேன்.

“ஊத்தினா?”

“மோட்சமுங்க.”

“அப்ப, ஊத்தாட்டி இந்த மனுசனுக்கு நரகம்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமே. இத்தனை வருசம் அதை ஒத்துக்கமாட்டேன்னுதானே எந்திரிச்சு எந்திரிச்சுப் போனேன்?”

“ஒருவேளை... அவங்க சொல்றது நெசமா இருந்துச்சுன்னா?”

“அதான்டா என் கொடலைப் புடுங்குது!” பாட்டிலை இறக்கினார். “அவரைக் கேக்காம ஊத்தறது, தூங்கற மனுசன் சட்டை ஜோப்புல கையை உடற மாதிரி இருக்குது. ஊத்தாம உட்டா, கொன்னு போட்ட மாதிரி இருக்குது. நான் என்னடா பண்ணட்டும்?”

என்னிடம் கேட்டார். ஆர்மோனியக்காரனிடம். நான் ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னலில் ஒரு காக்கை எங்களைப் பார்த்தது.

அப்போது நாச்சிமுத்தண்ணனின் உதடு அசைந்தது. காய்ந்து வெடித்த உதடு. டைம்கீப்பர் பாட்டிலைச் சாய்த்தார். நெற்றியில் ஒரு துளியும் தெறித்துவிடாமல் இடது கையால் புருவத்துக்கு மேலே அணை கட்டிக்கொண்டு, வாயில் மட்டும் சொட்டுச் சொட்டாக விட்டார். மனப்பாடம் செய்த வரி வாயிலிருந்து தப்பி வந்துவிடக் கூடாதென்று பல்லை இறுகக் கடித்திருந்தார். ஒரு மனிதனுக்கு இத்தனை ஜாக்கிரதையாக யாரும் தண்ணீர் கொடுத்து நான் பார்த்ததில்லை.

வராந்தாவுக்கு வந்ததும் சொன்னார்: “முடிஞ்சுதப்பா. தெரிஞ்சே ஊத்தாம வந்துட்டேன். இனி உள்ள முழங்கால் போட எனக்கு என்ன யோக்கியதை இருக்குது? போறதும் வாறதுமா இருந்தது போதும். இனிப் போறது மட்டுந்தான்.”

இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை வாசல் ஓரம் காலியாக இருந்தது. சாமியார் பிரசங்கத்தில் மூன்று இடத்தில் நின்று அந்தக் காலி இடத்தைப் பார்த்தார். எழுந்து போக ஆள் இல்லாததால் ஜனம் தூங்கிவிட்டது. நான் இரண்டு பாட்டைத் தப்பாக வாசித்தேன். பூசை முடிந்து வெளியே வந்தால் அவருடைய சம்சாரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்.

“பொண்ணு கல்யாணத்துல அப்பன் கோயிலுக்கு வெளிய நிப்பாராம், தம்பி. மூணாவது ஓலை வரைக்குமாச்சும் வந்து உக்காருங்கன்னு கால்ல விழுகாத குறையாக் கேட்டுட்டேன். ஜன்னல் வழியாப் பாத்துக்கறேங்கறாரு.”

சாமியாரே அங்கி பறக்க பஸ் ஸ்டாண்டுக்குப் போனார், பின்னால் நானும் போனேன். டைம்கீப்பர் “ஸ்தோத்திரம் சாமி” என்று கும்பிட்டார். பிறகு கேட்டார்: “நாச்சிமுத்தண்ணன் நெருப்புல வேவாருன்னு நெசமா நம்பறீங்களா சாமி?”

சாமியார் வேர்வையைத் துடைத்தார். ஒரு பஸ் ரிவர்ஸ் எடுத்தது. “நான் தினமும் பூசையில அவருக்காக வேண்டிக்கிறேன்” என்றார்.

“கேட்டதுக்கு அது பதில் இல்லீங்களே சாமி.”

“தெரியும்” என்றார் சாமியார். வந்த வழியே நடந்தார். பதில் சொல்லாமல் போகிற அவருடைய முதுகைப் பார்க்க எனக்கு இன்னும் அதிகப் பயமாக இருந்தது.

மூன்றாவது ஓலைக்கு டைம்கீப்பர் கோயிலில் இருந்தார். அதே வாசல் ஓரம். பிரசங்கத்தின் பாதியில் எழுந்து, தூசி தட்டி, கும்பிட்டுவிட்டு வெளியே போனார். கோயில் முழுக்க ஒரு பெருமூச்சு. சாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் விரல்கள் அன்றைக்குத்தான் வேர்க்காமல் காய்ந்திருந்தன. மகள் கல்யாணத்தில் அவர் முன்வரிசையில் நின்று அழுதார். அதற்குள் நாச்சிமுத்தண்ணன் தன் ஊரிலேயே கண்ணை மூடியிருந்தார்.

டைம்கீப்பர் ஏன் கோயிலுக்குத் திரும்பினார் என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். சம்சாரத்தின் கண்ணீர் என்றார்கள், சாமியாரின் ஜெபம் என்றார்கள். எனக்குத் தெரியும். நான் பக்கத்தில் நின்றேன்.

அந்த ஓலைக்கு முந்தின சனிக்கிழமை. காய்ச்சல் இறங்கியும் உடம்பு தேறாத நாச்சிமுத்தண்ணனை ஊருக்குக் கூட்டிப்போகிறார்கள். தான் ஓட்டிய வண்டியிலேயே, ஜன்னலோரம், போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். தலையணையைச் சரிசெய்துவிட வந்தவன் நான். டைம்கீப்பர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பாட்டில், வரி, அணை கட்டிய கை, எல்லாம்.

“ஊத்தலீங்கண்ணா. ஊத்தாம வந்துட்டேன்.”

“அட, ஊத்தித் தொலைச்சிருக்கக் கூடாதா டைமு? நனைஞ்சா காயப்போவுது. நீயாச்சும் நிம்மதியா இருந்திருப்பீல்ல.”

“வேண்டாமுங்க. அந்தக் கோயிலே வேண்டாம்னு உட்டுட்டேன்.”

நாச்சிமுத்தண்ணன் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். புது டிரைவர் இரண்டு தடவை ஹார்ன் அடித்தான். சேலத்திலிருந்து எந்த வண்டியையும் ஒரு நிமிஷம் தாமதமாக விடாத டைம்கீப்பர், அன்றைக்கு விசிலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். கடைசியில் ஊதினார். வண்டி நகர்ந்தது. நாச்சிமுத்தண்ணன் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி, கூடவே நடந்துகொண்டிருந்த அவருடைய தோளைத் தொட்டார்.

“நீயும் வெளிய வந்துட்டீன்னா, அங்க எனக்காக எந்திரிச்சுக் கேக்கறதுக்கு ஆரு இருக்கறா? போயி உள்ள உக்காரு, சாமி.”