ராக்கெட் ரூபனின் சேஃப்டி ஜாக்கெட்

கைபேசியில் மெதுவாகப் பேசத் தெரியாது என்பது ஒன்றுதான் ஜெகதீஸ்வரனிடம் இருந்த குறை. மற்ற குறைகளையெல்லாம் அவன் மனைவி திலகா பொறுத்துக்கொண்டாள்.

அன்று காலை குசினிக்குப் பின்னால் நின்று அவன் ரகசியம் பேசினான். பக்கத்து லயத்து வீட்டுக் கோழிகள்கூடத் திரும்பிப் பார்த்தன.

"ஜாக்கெட்ட கசக்காம வைங்க தம்பி. சாயங்காலம் பிரிஞ்சாங் டவுனுக்கு நானே வந்து வாங்கிக்கிறேன்."

திரும்பினால் கரண்டியோடு திலகா.

"எவளோட ஜாக்கெட்டு?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஜாக்கெட் எவளுடையதும் அல்ல, ராக்கெட் ரூபனுடையது. முப்பது வருஷத்துக்கு முன்னால் கோலாலம்பூர் மேடைகளைக் கிடுகிடுக்க வைத்த ராக் பாடகர். அவருடைய இடுப்பு வார், ஒற்றைக் கையுறை, ஒரு கண்ணாடி மட்டும் மிச்சமிருந்த கறுப்புக் கண்ணாடி எல்லாம் ஏற்கெனவே படுக்கையறைச் சுவரில் இருந்தன. கையுறை வந்த அன்று திலகா அவனைத் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் முன்னால் நிறுத்தி, ரூபன் உடம்பில் பட்ட எதுவும் இனி வீட்டுக்குள் வராது என்று சத்தியம் வாங்கிவிட்டாள். அதனால் பொய் சொன்னான்.

"சேஃப்டி ஜாக்கெட்டுலா! மேனேஜர் துரை குடுக்கறாரு. மூடுபனியில லோரிக்காரன் கண்ணுக்கு நாங்க தெரியணும்ல?"

"தோட்டத்து ஜாக்கெட்ட பிரிஞ்சாங்ல போயி ஏன் வாங்கணும்?"

"சைஸ் பாக்கணும்."

"ஓ" என்றாள் திலகா. தோட்டத்து ஆயாக்கொட்டகையில் தினமும் இருபது குழந்தைகளை மேய்ப்பவள். எந்த அழுகை பசி, எந்த அழுகை நடிப்பு என்று பார்க்காமலே சொல்வாள்.

சாயங்காலம் பழைய சாமான் விற்கும் நஸ்ருலிடமிருந்து ஜாக்கெட் வந்தது. சிவப்புத் தோல். தோளிலிருந்து மணிக்கட்டுவரை வெள்ளி ஜரிகைக் குஞ்சம். முதுகு முழுக்கச் சில்லுச் சில்லாய்க் கண்ணாடி. திலகா உள்பக்கத்தைப் புரட்டினாள்.

"ரூபன்னு தச்சிருக்கே?"

"கம்பெனி பேரு."

"ஓ."

இரண்டாவது 'ஓ' முதலாவதைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தது. ஜெகதீஸ்வரன் அதைக் கவனிக்கவில்லை. ஜாக்கெட்டை ஆணியில் மாட்டி, எட்ட நின்று, கிட்ட நின்று, படுத்துக்கொண்டு எல்லாம் பார்த்தான்.

மறுநாள் காலை திலகா அதைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலை மறித்து நின்றாள்.

"போடுங்க."

"இன்னிக்குப் பனி இல்லையே."

திலகா கதவைத் திறந்தாள். எதிர்வீட்டையே காணோம்.

வேறு வழி? கொழுந்து வெட்டும் மெஷினைச் சுமந்துகொண்டு தேயிலைக்கு நடுவே ரூபனாக நடந்தான். குஞ்சம் செடியில் சிக்கும்போதெல்லாம் நெஞ்சு கிழிந்தது. கங்காணி கருப்பையா காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டிலேயே அவனைக் கண்டதும் பெயர் கூப்பிட மறந்துபோனார்.

வினை பக்கத்து வீட்டு அன்பரசி உருவத்தில் வந்தது.

"திலகா வீட்டுக்காரருக்கு மட்டும் சேஃப்டியா? எங்க வீட்டுக்காரரு லோரியில அடிபட்டா பரவால்லையா?"

பத்து மணிக்கு ஆபீஸ் வாசலில் பதினோரு பெண்கள். எல்லாருக்கும் சிவப்புத் தோல் வேண்டும், குஞ்சத்தோடு. மேனேஜர் விஜயன் ஜெகதீஸ்வரனை வரவழைத்து மேலும் கீழும் பார்த்தார்.

"இத நான் எப்பய்யா குடுத்தேன்?"

ஜெகதீஸ்வரன் வாயைத் திறந்தான். அதற்குள் இடுப்பில் யாரோ பெற்ற குழந்தையோடு திலகா முன்னால் வந்தாள்.

"அவரு கூச்சப்படறாரு துரை. சொந்தக் காசுல வாங்கினது. பேக்டரிக்கு மேல அந்த வளைவுல ரெண்டு லோரி மோதப் பாத்துச்சுல்ல? அங்க ஒரு ஆளு பளபளன்னு நின்னு கொடி காட்டினா நல்லாருக்கும்னு இவருக்கு ராவும் பகலும் இதே யோசன. தானே நிக்கிறேன்றாரு."

ஜெகதீஸ்வரனுக்கு அப்போதுதான் தன் யோசனை தெரியவந்தது.

இது ரூபனுடையது என்று அங்கேயே கத்தலாம். கத்தினால் பொய் சொன்னதும் வெளியே வரும், மாரியம்மனும் சாட்சிக்கு வருவாள். பெண்கள் கை தட்டினார்கள். மேனேஜர் எழுந்து நின்று கை குலுக்கினார். ஜாக்கெட் கிலுகிலுத்தது.

மறுநாளிலிருந்து வளைவில் ஜெகதீஸ்வரன். லோரிகள் ஹாரன் அடித்தன. சுற்றுலாக்காரர்களோடு கியா பார்முக்குப் போகும் வேன்கள் நின்று, கச்சேரி எத்தனை மணிக்கு என்று கேட்டன. மூன்றாம் நாள் மழையில் முதுகுக் கண்ணாடி இரண்டு உதிர்ந்தன. சேற்றில் தேடி எடுத்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சிவப்புச் சாயம் கழுத்தெல்லாம் வழிய வீடு வந்து சேர்ந்தான்.

"திலகா, உண்மையச் சொல்லு. தெரிஞ்சேதான செஞ்ச?"

திலகா துண்டை எடுத்து அவன் தலையைத் துவட்டினாள்.

"முன்னெல்லாம் நீங்க வேலைக்குப் போனீங்களா, பிரிஞ்சாங்குக்கு நழுவினீங்களான்னு எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. இப்ப ஆயாக்கொட்டக ஜன்னல்ல இருந்தே தெரியுது. நல்லா மினுங்கறீங்க."