சீமைக்குப் போகாத சீமையார்

உலகத்தில் சீமையார் என்று ஓர் இனம் உண்டு. பெயரைக் கேட்டதும் சீமைக்குப் போய்வந்தவர் என்று எண்ணிவிடாதீர்கள். போய்வந்தவர்களெல்லாம் பாவம், குளிரில் மூக்கைச் சிந்திக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்து நின்று, ஏதோ ஒரு வேலை பார்த்து, ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்து, யாராவது கேட்டால் "அங்கயா? ஒரே மழைங்க" என்று ஒற்றை வரியில் முடித்துக்கொள்கிறவர்கள். சீமையார் அப்படியில்லை. அவர் போகவே இல்லை. ஆகவே அவருக்கு எல்லாம் தெரியும்.

இவரை எப்படி அடையாளம் காண்பது? ஒரு கதைப் புத்தகத்தைக் கையில் கொடுங்கள். அதில் எங்காவது இங்கிலாந்து வரவேண்டும், அவ்வளவுதான். கதாநாயகன் சாகக் கிடப்பான், தாய் மார்பில் அடித்துக்கொள்வாள், படிக்கிற நாம் அடுத்த பக்கத்தைப் புரட்டத் துடிப்போம். சீமையார் மட்டும் காதிடுக்கிலிருந்து பென்சிலை உருவி ஓரத்தில் எழுதுவார்: "அங்கே ஆம்புலன்ஸ் இந்த நிறம் இல்லை." நாயகன் பிழைத்தானா என்று கேட்டுப் பாருங்கள். தெரியாது. கவனிக்கவில்லை.

நான் மெத்தைக்காரன். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஐந்தாம் வகுப்போடு உறவு முறிந்தது, நஷ்டம் பள்ளிக்கூடத்துக்கு. தலையில் பஞ்சு மூட்டை தூக்கியவன் இன்று மூன்று கடையும் ஒரு தொழிற்சாலையும் வைத்திருக்கிறேன். இந்த நகரத்தில் பாதிப்பேர் என் மெத்தையில் தூங்குகிறார்கள். மீதிப்பேருக்கு முதுகுவலி. எழுத்தெல்லாம் உனக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: என் கடை விளம்பரங்களை இன்றுவரை நான்தான் எழுதுகிறேன். சரக்கு போகிறதா இல்லையா?

சீமையாரின் ஒன்றுவிட்ட உறவுகள் என் கடைக்கும் வருவதுண்டு. மெத்தையைக் கட்டைவிரலால் ஓர் அமுக்கு, உதட்டில் ஒரு பிதுக்கல், "நுரை சரியில்லையே." படுத்துப் பாருங்கள் சார் என்றால், "வேணாம் வேணாம், படுக்காமலே தெரியும்." இந்த ஜாதியை நாற்பது வருஷமாகப் பார்த்தவன் என்பதால்தான் இதை எழுத எனக்குத் தகுதி இருக்கிறது என்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மருமகள் ஒரு நாவல் எழுதினாள். அவள் அப்பா இங்கிலாந்தில் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பதினோரு வயதில் அங்கே போய்ச் சேர்ந்தவள், ஐந்து வருஷம் அங்கேயே பள்ளியில் படித்தாள். கதையும் அதுதான். பாஷை வராத ஒரு சிறுமி முதல் ஆறு மாதம் வாயே திறக்கவில்லை. ஒருநாள் பள்ளி விட்டுப் போகும் பஸ்ஸில், கடைசி இருக்கையில், முன்பின் பேசியிராத ஒரு செம்பட்டைத் தலைப் பெண் தன் சிப்ஸ் பொட்டலத்தை இவள் பக்கம் நீட்டுகிறாள். இவள் எடுக்கிறாள். நாவலின் உயிர் அந்த இடத்தில் இருக்கிறது. எனக்கு வாசித்துக் காட்டியபோது நான் அழவில்லை. கண்ணில் பஞ்சு விழுந்துவிட்டது.

"இந்த பஸ்ஸுக்காகத்தான் மாமா எழுதினேன்" என்றாள். "மத்ததெல்லாம் இதைச் சுத்தி வச்ச சாமான்."

பதிப்பாளர் எனக்குப் பழக்கம். என் மெத்தையில் தூங்குகிற பாதியைச் சேர்ந்தவர். படித்துவிட்டு, நன்றாக இருக்கிறது, ஆனால் தம் அலுவலகத்துச் சீமையார் பார்த்துச் சரி என்றால்தான் அச்சு என்றுவிட்டார். பயந்த மனிதர். முன்பொரு நாவலில் இங்கிலாந்துப் பையன் ஒருவன் ஏப்ரலில் புது வகுப்புக்குப் போவதாக அச்சடித்துவிட்டாராம். அங்கே செப்டம்பரில்தானாம். கண்டித்துக் கடிதம் மேல் கடிதமாக எழுதித் தூக்கத்தைக் கெடுத்தவர் சீமையார்தான். அடிக்கிற கையை வீட்டிலேயே வைத்துக்கொள்வோம் என்று பதிப்பாளர் அவருக்கே ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டார்.

பதிப்பாளரின் அறைக்கு மருமகளோடு நானும் போனேன். விற்காத புத்தகக் கட்டுகள் சுவரோரம் இடுப்புயரம் நின்றன. ஒரு கட்டின்மேல் உட்கார்ந்தேன். கல் மாதிரி இருந்தது. எதிரே சீமையார்: ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர், கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, மின்விசிறி ஓடியும் வியர்வை, கழற்றாத கோட்டு. கையெழுத்துப்படி முழுக்கப் பென்சில் கீறல்.

"இந்தப் பொண்ணு ஏழாம் ஆண்டுன்னு எழுதியிருக்கீங்க. அங்கெல்லாம் முதல் படிவம்னுதான் சொல்லுவாங்க."

"அது ரொம்பப் பழைய வழக்கம் சார். நாங்க ஏழாம் ஆண்டுன்னுதான் சொன்னோம்."

"பசங்க பேசறப்போ நண்பனை 'மேட்'டுங்கறாங்க, வாக்கியத்துக்கு வாக்கியம் முடிவுல 'இன்னிட்'டுங்கறாங்க. ஜாலி குட் எங்க? ஓல்டு சாப் எங்க? ஒண்ணுகூடக் காணோமே?"

"அப்படி யாரும் பேசமாட்டாங்க சார். எங்க வகுப்புல ஒருத்தன் ஒருதடவை கேலிக்குச் சொன்னான். ஒரு வாரம் சிரிச்சோம்."

"வாத்தியாரம்மாவை எல்லாரும் மிஸ்ஸுன்னு கூப்பிடறாங்க. ஆனா அவங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க!"

"பேரன் பேத்தி எடுத்தாலும் மிஸ்தான் சார்."

சீமையார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பெண்ணை நன்றாக வளர்க்கவில்லை என்பதுபோல. அவருடைய ஞானம் எங்கிருந்து வந்தது என்று பிறகு விசாரித்தேன். பழைய புத்தகக் கடையில் எடைக்கு வாங்கிய கதைகளிலிருந்து. எல்லாம் பணக்காரப் பையன்கள் விடுதியில் தங்கிப் படிக்கிற கதைகள். எழுதியவர்களின் பேரன்களுக்கே இப்போது தலை நரைத்திருக்கும். அந்தக் கதைகளில் பிரம்படி உண்டு, லத்தீன் உண்டு, விளக்கணைத்தபின் போர்வைக்குள் ரகசிய விருந்து உண்டு. பஸ் கிடையாது.

"அதான் முக்கியமான விஷயம்" என்று பென்சிலால் மேசையைத் தட்டினார். "பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஏறி வீட்டுக்குப் போறா. அங்க பசங்க வீட்டுக்கு எங்கம்மா போவாங்க? விடுதியிலதான் தூங்குவாங்க. பஸ்ஸை எடுத்துருங்க. அந்தச் சிப்ஸை நடுராத்திரி விருந்தா மாத்திருங்க. காட்சி அப்படியே எழுந்து நிக்கும்."

மருமகள் முகம் வெளுத்துவிட்டது. "சார், அந்த பஸ்ல நான் அஞ்சு வருஷம் போயிருக்கேன்."

"ஞாபகப் பிசகா இருக்கலாம்மா."

எனக்குப் பொறுக்கவில்லை. "யோவ், படிச்ச பொண்ணு நானே போனேங்கறா. போகாத நீ இல்லைங்கற. என்னய்யா நியாயம்?"

"ஐயா" என்றார் சீமையார், கோபமே இல்லாமல். "அனுபவம் வேற, ஆதாரம் வேற. அவங்க போனது சரியான பள்ளிக்கூடம்தானான்னு நமக்கு எப்படித் தெரியும்?"

பதிப்பாளர் தலையைக் குனிந்துகொண்டார். "பஸ் இருந்தா நான் போட முடியாதும்மா. அப்புறம் நாலு பேர் கேப்பாங்க." மருமகள் கையெழுத்துப்படியைத் தன் பக்கம் இழுத்தாள். எடுத்துக்கொண்டு கிளம்பப்போகிறாள் என்று நானும் புத்தகக் கட்டிலிருந்து எழுந்துவிட்டேன். வாசலில் வைத்துச் சொல்ல நல்லதாக நாலு வார்த்தையும் யோசித்துவிட்டேன். அவள் எழவில்லை.

"சரி சார், உண்மையைச் சொல்லிடறேன்" என்றாள். "நான் அங்க போனதே இல்லை. பெருமைக்குச் சொன்னேன். எல்லாம் இங்கயே உக்காந்து நானா கற்பனை பண்ணினது."

நான் வாயைத் திறந்தேன். மேசை மறைவில், பக்கத்தில் நின்ற என் காலை அவள் கால் ஓங்கி மிதித்தது. மூடிக்கொண்டேன்.

சீமையாரின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! புதையல் கண்டவர்போல் எழுந்தார். முதல் முறையாகக் கோட்டைக் கழற்றினார். "அப்படிச் சொல்லும்மா! கற்பனையா! போகாமயே இவ்வளவு நுணுக்கமா? பஸ்ஸாம், கடைசி சீட்டாம், செம்பட்டைத் தலையாம்... கூடவே போய் வந்த மாதிரியில்ல இருக்கு! யோவ் பதிப்பாளரே, இதுல ஒரு எழுத்துகூட மாத்தக்கூடாது. போனவங்களால இப்படி எழுத முடியுமா?"

புத்தகம் வந்தது. பின்னட்டையில், 'வெளிநாடு சென்றிராத இவர்' என்று ஆசிரியர் குறிப்பு. வெளியீட்டு விழாவில் சீமையார் முக்கால் மணி நேரம் பேசினார். தம்மைப்போலவே வீட்டில் இருந்தபடி சீமையை அளந்துவிட்ட அபூர்வப் பெண் என்று மருமகளுக்குச் சால்வை போர்த்தினார். கூட்டம் கைதட்டியது. மேடையில் அவள் சிரித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா மட்டும் முதல் வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு, பக்கத்திலிருந்த என்னிடம், "அஞ்சு வருஷம் விடியக்காலைல எழுந்து சோறு கட்டிக் கொடுத்தது நானு. இப்ப அது கற்பனையாம்" என்றார்.

திரும்பும்போது காரில் நானும் கேட்டே விட்டேன். "ஏம்மா, உன் அஞ்சு வருஷத்தை அந்த ஆளுக்குத் தூக்கிக் கொடுத்துட்டியே?"

"என்னைத்தான மாமா கொடுத்தேன்? பஸ் போச்சா?"

"போகலை."

"அவ எங்கயாவது இருந்து படிச்சா, என்னைத் தேடமாட்டா. பஸ்ஸைத்தான் தேடுவா." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தமிழ்ப் புத்தகத்தைச் செம்பட்டைத் தலைக்காரி எங்கே படிக்கப்போகிறாள் என்று நான் கேட்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கும் எங்கே நிறுத்தவேண்டும் என்று தெரியும்.

உங்களிடம் ஒரு வார்த்தை, இவ்வளவு தூரம் பொறுமையாகப் படித்தவரே. படித்துக்கொண்டு வரும்போது ஏதோ ஓரிடத்தில் உங்கள் உதடு ஒரு பக்கமாகக் கோணிற்றே, "அங்கெல்லாம் அப்படி இல்லையே" என்று? இல்லை என்று மறுக்காதீர்கள். இதிலென்ன வெட்கம்? சீமையாருக்குக் கண்பார்வை மங்கி வருகிறது. வேறு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார் பதிப்பாளர். உங்கள் விலாசத்தைக் கொடுங்கள், சொல்லிவைக்கிறேன். ஒரே ஒரு நிபந்தனைதான்: நீங்கள் அங்கே போயிருக்கக் கூடாது.