யாருக்கும் தரக்கூடாதவை

ஓர் அலுவலகத்தின் பெருமை அங்கே எத்தனை கோப்புகள் இருக்கின்றன என்பதில் இல்லை. எத்தனை கோப்புகள் இருப்பதாகப் பதிவேடு சொல்கிறது என்பதில்தான் இருக்கிறது. பழைய ஆவணங்கள் பாதுகாப்பு அலுவலகம் இந்த உயர்ந்த கொள்கையிலிருந்து இம்மியும் பிசகாமல் பல வருஷம் நடந்துவந்தது. அதற்கு ஒரு சோதனை வந்தது. மாடியில் குழாய் உடைந்து, பதிவறையின் மூன்றாம் நம்பர் பீரோவுக்குள் இரண்டு நாள் தண்ணீர் கொட்டியது. உள்ளே இருந்த இருநூற்றுப் பதினான்கு கோப்புகளும் கூழாகிவிட்டன. ரெக்ஸின் ஒட்டிய அட்டைகள் மட்டும் தப்பித்தன.

தலைமை எழுத்தர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

“அட்டை இருக்காம்மா?”

“அட்டை இருக்கு சார். உள்ளதான் ஒண்ணுமில்ல.”

“அட்டை இருந்தா கோப்பு இருக்குன்னு அர்த்தம். காய வச்சு அடுக்கிடுங்க.”

காய வைத்து அடுக்கியவள் பதிவறை எழுத்தர். பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவள் பதிவறை அக்கா. அடுக்கி முடித்து நிமிர்ந்தபோது அவள் கண்ணில் பட்டது இருநூற்றுப் பதினான்கு காலி அட்டைகள் அல்ல. இடம். பூட்டுப் போட்ட, ஈரம் காய்ந்த, யாரும் திறந்து பார்க்காத இடம்.

அக்காவுக்கு ஒட்டுப்போர்வைப் பித்து இருந்தது. துண்டுத் துணிகளைச் சதுரமாக வெட்டி, நிறம் பார்த்துச் சேர்த்துத் தைத்துப் போர்வையாக்கும் கலை அது. கலை என்றால் தைப்பது என்று நினைத்துவிடக் கூடாது. முக்கால்வாசிக் கலை துணி சேர்ப்பதில் போய்விடும், மீதிக் கால்வாசி சேர்த்ததை அடுத்தவருக்குக் காட்டுவதில் போய்விடும். இதற்கென்றே ஊசிமுனைச் சங்கம் என்று ஒன்று இருந்தது. பல் டாக்டரம்மா, பஸ் ஓட்டும் அக்கா, கணக்கு டீச்சர், பதிவறை அக்கா என நாலே பேர். ஞாயிற்றுக்கிழமை பல் ஆஸ்பத்திரிக்கு விடுமுறை என்பதால், நோயாளிகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்காரும் அதே நாற்காலிகளில் இவர்கள் மடியில் துணியை விரித்துக்கொண்டு உட்காருவார்கள். காட்டுவார்கள், தடவுவார்கள், மாற்றிக்கொள்வார்கள், பெருமூச்சு விடுவார்கள். ஏழு வருஷத்தில் சங்கம் முடித்த போர்வைகளின் எண்ணிக்கை பூஜ்யம்.

அக்காவின் துணி வீட்டில்தான் இருந்தது. ஒருநாள் அவள் கணவர் சட்டை எடுக்க அலமாரியைத் திறக்க, பூப்போட்ட துணி மூட்டை ஒன்று அவர் தலையில் விழுந்தது.

“இனிமே ஒரு துண்டுத் துணி உள்ள வந்துச்சுன்னா நான் வெளிய போயிடுவேன்” என்றார்.

அக்கா இரண்டு நாள் தீவிரமாக யோசித்தாள். மூன்றாம் நாள் துணியை மதிய உணவுப் பையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பதிவறைக்குக் கடத்த ஆரம்பித்தாள். ஒவ்வோர் அட்டைக்குள்ளும் ஒரு வகை. மேலே அழகான கையெழுத்தில் தலைப்பு: ‘கோடு, நீளவாக்கு’, ‘பூ, சிறியது’, ‘நீலம், பொட்டு வைத்தது’, ‘எதனோடும் சேராதவை’. கடைசி அட்டை தனி. அதன் தலைப்பு ‘யாருக்கும் தரக்கூடாதவை’.

அந்தக் கடைசி அட்டைக்குள் இருந்தது ஒரே துணி. மகளின் முதல் கவுனுக்கு வாங்கியதில் மிஞ்சிய, குட்டி வாத்துகள் வரிசையாகப் போகும் மஞ்சள் துணி. சங்கத்தில் மற்ற மூவரும் அதன் மேல் கண் வைத்து ஏழு வருஷம் ஆகிறது. ஒரு சாண் கொடு என்று டாக்டரம்மா கெஞ்சியிருக்கிறார். “தொட்டுப் பாருங்க, தர மாட்டேன்” என்பதுதான் அக்காவின் மாறாத பதில்.

இப்போது மகள் ஏழு மாதக் கர்ப்பிணி. அக்கா சங்கத்தின் மரபை மீறி ஒரு போர்வையை முடித்தே தீருவது என்று இறங்கிவிட்டாள். சுற்றிலும் எண்பது கட்டங்கள் தைத்தாயிற்று. நட்டநடுவில் ஒரு கட்டம் மட்டும் பாக்கி. அதற்குத்தான் மஞ்சள் வாத்து. ஞாயிற்றுக்கிழமை வெட்டிவிடலாம் என்று நாலு ஞாயிற்றுக்கிழமைகளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கத்தரி துணியருகே போகும், அடுத்த வாரம் ஆகட்டும் என்று மடித்து வைத்துவிடுவாள்.

ஐந்தாவது ஞாயிறு வருவதற்குள் ஆண்டாய்வு வந்துவிட்டது.

பெரிய அதிகாரி முப்பது வருஷ சர்வீஸில் எத்தனையோ அலுவலகங்களை ஆய்வு செய்தவர். எங்கே போனாலும் ஏதாவது ஒரு கோப்பைக் கேட்பார். வருகிறது என்பார்கள். அவர் ஓய்வு பெறும் வரைக்கும் வந்துகொண்டேதான் இருக்கும். பதிவறையிலும் வழக்கம்போல மூன்றாம் நம்பர் பீரோவைக் காட்டி, பதிவேட்டில் கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தார்.

“இந்தக் கோப்பு.”

தலைமை எழுத்தருக்கு வேர்த்துவிட்டது. பயத்தில் அக்காவுக்குக் கை தானாக வேலை செய்தது. நாலே விநாடியில் அட்டை மேஜைக்கு வந்தது. அதிகாரி திறந்தார். நீலம், பொட்டு வைத்தது.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தது கண்ணாடியை மட்டுமல்ல, கண்ணையும்தான்.

“கேட்ட உடனே வந்துடுச்சு” என்றார். “முப்பது வருஷத்துல இதான் முதல் தடவை. இது என்ன பொருள் சம்பந்தப்பட்டதும்மா?”

“நீலம் சார்.”

“இதுல முடிவு எடுத்தாச்சா?”

“இல்ல சார். எதோட சேர்க்கலாம்னு யோசிச்சிட்டே இருக்கோம்.”

“எத்தனை வருஷமா?”

“ஏழு வருஷமா சார்.”

அதிகாரியின் முகம் மலர்ந்தது. இது அவருக்குப் பழக்கமான பதில். பீரோ முழுவதையும் திறந்து பார்த்தார். கிழிந்த தாள் இல்லை, கரையான் இல்லை, தலைப்பைப் படித்தால் உள்ளே இருப்பது புரிந்தது. இப்படி ஒரு பதிவறையை அவர் கனவில்கூடக் கண்டதில்லை.

பத்தே நாளில் சுற்றறிக்கை வந்தது. ‘பொருள்: கோப்புகள் – தாளுக்குப் பதிலாகத் துணி – முன்மாதிரி முறை – எல்லா அலுவலகங்களிலும் உடனடியாக நடைமுறைப்படுத்துதல் – தொடர்பாக.’ மூன்றாம் நம்பர் பீரோ அரசுச் சொத்தாகப் பதிவேட்டில் ஏறியது. நாலு பேர் தூக்கி வண்டியில் வைத்துத் தலைமையகத்துக்குக் கொண்டுபோனார்கள், மஞ்சள் வாத்து உட்பட. தலைமை எழுத்தர் அக்காவுக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு அவள் கழிப்பறைக்குப் போய் அழுதாள்.

அதற்குப் பிறகு ஊரே துணியாகிவிட்டது. அதிகாரிகள் கூட்டங்களில் ஒருவர் சட்டையை ஒருவர் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். “உங்க பிரிவுல கட்டம் போட்டது எவ்வளவு இருக்கு?” என்று கேட்காத இயக்குநர் இல்லை. பட்டு வைத்திருந்த அலுவலகம் பருத்தி வைத்திருந்த அலுவலகத்தை மதிக்கவில்லை. மனு கொடுக்க வந்த ஜனங்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. ஓரம் மடித்துத் தைத்த துணியோடு மனு கொடுத்தால் சீக்கிரம் நகர்கிறது என்று யாரோ கிளப்பிவிட, நல்ல நல்ல சட்டைகளை வெட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். மனு நகரவில்லை. வரிசை மட்டும் பார்க்க அழகாக இருந்தது.

அக்கா மஞ்சள் துணியைத் திருப்பிக் கேட்டு விண்ணப்பித்தாள். துணி சம்பந்தப்பட்ட விண்ணப்பங்களைப் பதிவறை எழுத்தர்தான் பரிசீலிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை சொன்னதால், விண்ணப்பம் ஒரு சுற்று சுற்றி அவள் மேஜைக்கே வந்து சேர்ந்தது.

“விதி என்னம்மா சொல்லுது?” என்றார் தலைமை எழுத்தர்.

“பதிவேட்ல ஏறின பொருளைத் திருப்பித் தர வழியில்ல சார்.”

“அப்ப எழுதிடுங்க.”

‘விண்ணப்பதாரரின் கோரிக்கை ஏற்கத்தக்கதல்ல’ என்று அக்கா எழுதினாள். நேர்மையான ஊழியர். பதில் பதிவுத் தபாலில் அவள் வீட்டுக்குப் போனது. கணவர் கையெழுத்துப் போட்டு வாங்கி, சாயங்காலம் நீட்டினார்.

“யாரோ ஒரு பொம்பள உனக்கு ரொம்பத் திமிரா எழுதியிருக்கா பாரு” என்றார்.

மேல்முறையீடு பெரிய அதிகாரியிடம் போனது. அக்கா நேரில் போய் நின்றாள். அவர் அறையில் நாற்காலி தெரியவில்லை, எல்லாம் துணி. மடியில் மஞ்சள் வாத்தை வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

“சார், என் பொண்ணுக்குக் குழந்தை பொறக்கப்போகுது. நடுக் கட்டத்துக்கு ஒரு சாண் போதும்.”

“எனக்கு மனசு இருக்கும்மா. ஆனா தலைப்பைப் பாருங்க. யாருக்கும் தரக்கூடாதவை.”

“அது நான் எழுதினது சார்.”

“அழகான கையெழுத்து. யாருக்கும்னா உங்களுக்கும்தானே?”

அவள் கையெழுத்தே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. கடைசியில் அதிகாரி இரங்கினார். தலைப்பை ஆராய நிபுணர் குழு போடலாம், துணி தெரிந்த ஆட்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். அக்காவுக்கு உயிர் வந்தது. மூச்சு விடாமல் மூன்று பேரைச் சொன்னாள்.

குழுவுக்கு உத்தரவு போட்டு, பெயர்ப்பலகை எழுதி, தண்ணீர் பாட்டில் வாங்குவதற்குள் பேத்தி பிறந்து நாலு மாதம் ஆகிவிட்டது. அக்கா சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். பலகைகளுக்குப் பின்னால் மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். கடைசி நாற்காலியில் பெரிய அதிகாரி.

“மனுதாரர் உட்காரலாம்” என்றார் டாக்டரம்மா.

“என்னடி இது, மனுதாரர்ங்கற?”

“கூட்டத்துல டி போட்டுப் பேசக்கூடாது. குறிப்புல ஏறிடும்.”

பஸ் ஓட்டும் அக்கா தொண்டையைச் செருமினாள். “இந்தத் துணியை நாங்க ஏழு வருஷமா கேட்டோம். மனுதாரர் என்ன பதில் சொன்னாங்க?”

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். “தொட்டுப் பாருங்கன்னு.”

அட்டையை அவள் பக்கம் தள்ளினார்கள். “தொட்டுப் பாருங்க.”

தொட்டாள். வாத்துகள் விரலுக்கடியில் மெத்தென்று இருந்தன. அவமானமாக இருந்தது. அதைவிட, அவர்கள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை என்பதுதான் அதிகமாக வலித்தது.

“உனக்கு வேண்டியது ஒரு சாண்” என்றாள் கணக்கு டீச்சர். “துணி ரெண்டரை முழம். மிச்சத்தை என்ன பண்ணுவே?”

“வச்சிருப்பேன்.”

“எதுக்கு?”

ஏழு வருஷத்தில் இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. அவளிடம் மட்டுமா, அந்த அறையில் இருந்த யாரும் தங்களிடமும் கேட்டுக்கொண்டதில்லை.

டீச்சர்தான் வழி கண்டுபிடித்தாள். “தரக்கூடாதுன்னுதான் போட்டிருக்கு, வெட்டக்கூடாதுன்னு போடல. வெட்டிட்டா அது பழைய துணி இல்ல, அஞ்சு புதுத் துணி. புதுத் துணிக்கு இந்தத் தலைப்பு பொருந்தாது.”

அதிகாரி அசந்துபோனார். இவ்வளவு தெளிவான விளக்கத்தைச் சட்டப் பிரிவில்கூட அவர் கேட்டதில்லை. ஆனால் வெட்டுவது யார்? கத்தரி மேஜையைச் சுற்றி இரண்டு தடவை போய் வந்தது. கடைசியில் பஸ் ஓட்டும் அக்கா கண்ணை மூடிக்கொண்டு நாலே இழுப்பில் வெட்டி முடித்தாள். ஐந்து பேருக்கும் தலைக்கு ஒரு சாண்.

அக்கா பஸ்ஸில் வீடு வரைக்கும் அந்தச் சதுரத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு வந்தாள். ஊசியில் நூல் கோத்தாள். இருந்த இரண்டரை முழம் இப்போது ஒரு சாண் ஆகிவிட்டது. இதையும் தைத்துவிட்டால் பிறகு என்ன மிஞ்சும்? ஞாயிற்றுக்கிழமை தைக்கலாம் என்று மடித்து ஓர் உறைக்குள் வைத்தாள். உறையின் மேல் என்ன எழுதினாள் என்று சொல்லத் தேவையில்லை.

பேத்திக்கு ஒரு வயதான அன்று எல்லோரும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நடுக் கட்டம் இல்லாத போர்வை கட்டிலில் கிடந்தது. குழந்தை அதற்குள் நுழைந்து தவழ்ந்து, நட்டநடு ஓட்டை வழியாகத் தலையை நீட்டி, இரண்டு பல்லைக் காட்டிச் சிரித்தாள். எண்பது கட்டங்களும் அவளைச் சுற்றி அங்கிபோல விழுந்தன. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கணவர்கூட, துணி என்பதையும் மறந்து சிரித்துவிட்டார். டாக்டரம்மா படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார். பெரிய அதிகாரிக்கும் போனது.

மறுவாரம் பாதி ஊர் போர்வையின் நடுவில் தலையை விட்டுக்கொண்டு திரிந்தது. முழுப் போர்வை வைத்திருந்தவர்கள் வெட்கப்பட்டு நடுவில் ஓட்டை போட்டார்கள். அடுத்த வாரம் சுற்றறிக்கை வந்தது. ‘பொருள்: ஒட்டுப்போர்வைகள் – நடுவில் துளை – கட்டாயமாக்குதல் – தொடர்பாக. துளையைத் துணி வைத்து அடைப்பது விதிமீறல் ஆகும். இவ்வாணையை எதிர்த்து முப்பது நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.’

அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். உடம்பெல்லாம் லேசானது. இத்தனை வருஷ சர்வீஸில் எந்த ஆணையும் அவளை இவ்வளவு சந்தோஷப்படுத்தியதில்லை.

மகள் போனில் கேட்டாள். “அப்ப அந்த மஞ்சள் துணியை எப்பம்மா வைக்கப்போற? ராத்திரி குளிருது இவளுக்கு.”

“இந்த ஞாயித்துக்கிழமை வைக்கலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள ஆர்டர் வந்துடுச்சு. மேலேருந்து சொன்னப்புறம் நம்ம கையில என்னம்மா இருக்கு?”

அன்று சாயங்காலம் டாக்டரம்மா கூப்பிட்டார், பிறகு டீச்சர், பிறகு பஸ் ஓட்டும் அக்கா. எல்லோரும் தங்கள் பங்கு மஞ்சள் சாணைத் தங்கள் போர்வையின் நடுவில் இந்த வாரம்தான் தைப்பதாக இருந்தார்களாம். இப்படி ஒரு முட்டாள் ஆணை உண்டா என்று ஆளுக்கு அரை மணி நேரம் திட்டினார்கள். முப்பது நாள் கழிந்தது. ஒருத்தரும் மேல்முறையீடு செய்யவில்லை.