வயரில் தண்ணீர் வந்த வீடு

படித்தவன் ஒரு முட்டாள்தனம் செய்தால், அதற்கு ஒரு காரணமும் கையோடு வைத்திருப்பான். நான் இயற்பியல் ஆசிரியர். என்னிடம் காரணம் மட்டுமல்ல, சமன்பாடே இருந்தது. அதை நம்பித்தான் எங்கள் வீட்டு ரேடியோவுக்குள் தண்ணீரை வரவழைத்தேன்.

ரேடியோ எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். (நான் உளவு பார்ப்பதாக எங்கள் தெருவில் சிலர் இன்னும் நம்புகிறார்கள்.) என் மனைவி கிரேஸ், சிவகாசிப் பக்கம் எம்.புதுப்பட்டி என்கிற ஊரில் நர்ஸ். சுற்றிலும் பட்டாசு கம்பெனிகள். எனக்குப் பள்ளிக்கூடம் விருதுநகரை ஒட்டிய சூலக்கரைப் பக்கம். ஒரு பட்டாசு சீசனில், அவள் வேலை பார்க்கும் பக்கம் வெடி விபத்து என்று செய்தி வந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் போன் போட்டதில் யாருக்கும் லைன் கிடைக்கவில்லை. சாயங்காலம் அவள் பஸ்ஸை விட்டு இறங்கும் வரை நான் பட்ட பாடு என் எதிரிக்கும் வரக்கூடாது. வந்தவளிடம் கோபப்பட்டேன். "அடிபட்டு வந்தவுகளப் பாப்பனா, உங்களுக்குப் போன் போடுவனா?" என்றாள். நியாயம்தான்.

அதன்பிறகு இருவரும் பரீட்சை எழுதி, போன் லைன் இல்லாமலே பேசிக்கொள்கிற அமெச்சூர் ரேடியோவுக்கு உரிமம் வாங்கினோம். (அவள் முதல் தடவையே தேறினாள். என் கதை இங்கே வேண்டாம்.) ஆளுக்கொரு கை ரேடியோ. ஆனால் கை ரேடியோவின் குரல் புதுப்பட்டியிலிருந்து என் பள்ளிக்கூடம் வரை எட்டாது. விருதுநகரில் எங்கள் வீட்டில் ஒரு ரிப்பீட்டர் வைத்தால், அது மெலிந்த குரலைக் கேட்டு அதையே பலமாகத் திருப்பிச் சொல்லும். அனுமதி கிடைத்தது, பெட்டியும் வந்தது. மாடியில் இருக்கும் ஆன்டெனாவையும் கீழே இருக்கும் பெட்டியையும் இணைக்கிற கோஆக்சியல் வயர் மட்டும்தான் பாக்கி.

அதை வாங்க மதுரைக்குப் போனோம். கடைக்காரர் இரண்டு வகை எடுத்துப் போட்டார். ஒன்று சுண்டுவிரல் தடிமன். நடுவில் செம்புக் கம்பி, அதைச் சுற்றிக் கெட்டியான பிளாஸ்டிக். வளைக்கவே சண்டை போட வேண்டும். இன்னொன்றை வெட்டிக் காட்டியபோது, கம்பியைச் சுற்றி நீளவாக்கில் வரிசையாகத் துளைகள், தாமரைக் கிழங்கை நறுக்கிய மாதிரி. உள்ளே வெறும் காற்று. நான் அங்கேயே விழுந்துவிட்டேன். பிளாஸ்டிக் குறைந்து காற்று கூடினால் சிக்னல் வழியில் வீணாவது குறையும். (இது உண்மை. வேண்டுமானால் பாடப் புத்தகத்தைப் பாருங்கள்.) கல்லாவுக்கு முன்னாலேயே பாடம் நடத்தினேன்.

கிரேஸ் அந்தத் துண்டை வாங்கி ஊதிப் பார்த்தாள். காற்று மறுபக்கம் வந்தது.

"இம்புட்டு ஓட்டை இருக்கே. தண்ணி எறங்காதா?"

"நம்ம ஊர்ல குழாயிலயே தண்ணி வரல. வயர்லயா வரப்போகுது?" என்றேன்.

கடைக்காரர் சிரித்தார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

என்னை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. பட்டாசு காய வேண்டுமே என்று வெயிலை வேண்டிக்கொள்கிற சீமை இது. ஆன்டெனாவில் வயர் சேரும் இடத்தை நீர் புகாமல் சுற்ற வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. அது மலையாளத்துக்காரர்களுக்காக எழுதியது என்று நானே முடிவு செய்தேன். கிரேஸின் தம்பி சாம் சிவகாசியில் பட்டாசு லேபிள் அச்சடிக்கிறவன். அவனிடம் இருந்த அட்டைப்பெட்டி ஒட்டும் டேப்பை ஒரு சுற்று சுற்றி வேலையை முடித்தேன். மாடியில் உயரமானது தண்ணீர்த் தொட்டிதான் என்பதால் ஆன்டெனாவை அதன் பக்கவாட்டில் கட்டினோம். வயர் சேரும் இடம், தொட்டி நிரம்பினால் வழிகிற குழாய்க்கு நேர் கீழே அமைந்தது. அந்தத் தொட்டி நிரம்பி நான் பார்த்ததே இல்லை.

எங்கள் வீடுகளில் புது மிக்சியாக இருந்தாலும் ஜெபம் பண்ணாமல் சுவிட்ச் போடமாட்டோம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து போதகர் ஐயா வந்தார். சாம் வந்தான். கிரேஸுக்கு அன்று டியூட்டி. ஜெபம் முடிந்ததும் புதுப்பட்டியிலிருந்து முதல் வார்த்தை அவள் பேச வேண்டும் என்று ஏற்பாடு. அந்த நேரம் பார்த்து, பல நாள் கழித்து நகராட்சித் தண்ணீர் வந்தது. விடுவேனா? மோட்டாரைப் போட்டுவிட்டு வந்து கண்ணை மூடினேன்.

போதகர் ஐயாவின் ஜெபம் நல்ல ஜெபம். நீளமும் நல்ல நீளம். உலகம் உண்டானதில் தொடங்கி, கடல் தாண்டி, ரேடியோ அலை வரைக்கும் வந்தார். "இந்தப் பெட்டியின்மேல் உம்முடைய ஆசீர்வாதம் நிரம்பி வழியட்டும்" என்று முடித்தார். ஆமென் சொன்னோம்.

என் கை ரேடியோவில் கிரேஸின் குரல் வந்தது. "கேக்குதா? இங்கன நல்லா…" அவ்வளவுதான். வாய் கொப்பளிப்பது போல ஒரு சத்தம், பிறகு இரைச்சல், பிறகு அதுவும் இல்லை.

சாம் மெதுவாகச் சொன்னான், "அத்தான், ரேடியோ ஒழுகுது."

உண்மைதான். வயர் சேரும் முனையிலிருந்து பெட்டிக்குள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில். போதகர் ஐயா ஒரு தடவை வானத்தைப் பார்த்தார், ஒரு தடவை என்னைப் பார்த்தார். அடுத்த வீட்டு அக்கா குடத்தோடு வந்து நின்று, "சார் வீட்ல வயர்லயும் தண்ணி வருதாம்லா?" என்றார். (நக்கல் இல்லை. நிஜமாகவே குடம் கொண்டுவந்தார்.) மாடிக்கு ஓடிய சாம் அங்கிருந்து குரல் கொடுத்தான், "தொட்டி வழியுது. மோட்டார் ஓடிட்டே இருக்கு, அத்தான்."

சாயங்காலம் கிரேஸ் வரும்போது நான் செத்த பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். பெட்டிக்காக அல்ல. அவள் குரல் பாதியில் நின்றது அந்தப் பழைய நாளை அப்படியே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. "நான் அப்பவே சொன்னேன்ல" என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தேன். இந்த நிமிஷம் வரை சொல்லவில்லை. இதற்காக மட்டுமே அவளுக்குக் கோயில் கட்டலாம். (கிறிஸ்தவன் என்பதால் கட்டவில்லை.)

"பெட்டியத் தொறங்க. காயப் போடுவோம். நம்மகிட்ட இல்லாததா வெயிலு?" என்றாள்.

மாடியில் பாய் விரித்து, பட்டாசு காயவைப்பது போல ஒவ்வொரு பாகமாகக் காயவைத்தோம். பெட்டி பிழைத்தது. சாம் மதுரைக்குப் போய் அந்தத் தடி வயரை வாங்கி வந்தான். ஆன்டெனாவைத் தொட்டியை விட்டு நகர்த்தினோம். வயர் சேரும் இடத்தை கிரேஸ் ரப்பர் டேப்பால் சுற்றினாள், புண்ணுக்குக் கட்டுப்போடுகிற மாதிரி, பாதிக்குப் பாதி மேலேறி, ஒரு சுருக்கம் இல்லாமல். இத்தனை நல்ல கைகள் என் பக்கம் இருப்பதற்கு நான் என்ன செய்தேன் என்று தெரியவில்லை.

இப்போது போதகர் ஐயா எந்த வீட்டில் ஜெபம் பண்ணப் போனாலும், கண்ணை மூடுவதற்கு முன், "மோட்டார ஆஃப் பண்ணியாச்சா?" என்று கேட்கிறார். கதை தெரியாதவர்களுக்குச் சாம் சொல்கிறான்.

போன சீசனில் மறுபடி ஒரு நாள், அந்தப் பக்கம் விபத்து என்று செய்தி. மறுபடி லைன் கிடைக்கவில்லை. ஆசிரியர் அறையில் ரேடியோவைப் பிடித்தபடி நின்றேன். சற்று நேரத்தில் குரல் வந்தது. கண்ணாடி மாதிரி தெளிவு.

"நான் நல்லா இருக்கேன். இங்கன வேல இருக்கு, வர நேரமாகும். பயப்படாதீக." பிறகு, "மோட்டார ஆஃப் பண்ணிட்டுதான போனீக?"

நான் பண்ணவில்லை.