கழட்டச் சொன்னார், கழுவினேன்

எங்கள் வீட்டில் என்னை நம்பி யாரும் ஒரு வாளித் தண்ணீரைக் கையில் கொடுக்க மாட்டார்கள். செடிக்கு ஊற்றப் போனால்கூட என் மனைவி செல்வி, "பக்கத்துல வண்டி எதுவும் நிக்கிதான்னு பாத்துக்கங்க" என்பாள். நாற்பத்து மூன்று வயது எனக்கு. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். மின்சாரம் என்ற பாடத்தை வருஷம் தவறாமல் நடத்துகிறேன். (சிரிக்காதீங்க, முழுசாக் கேளுங்க.) அந்த நான்தான் ஒரு காலைப் பொழுதில் ஒரு காரையும் அதைவிடப் பெரிய ஒன்றையும் தண்ணீர் ஊற்றிக் கெடுத்தவன்.

கதை காரில் தொடங்கவில்லை, ஒரு காது குத்தில் தொடங்கியது. அப்பாவுக்கு ஒரே தங்கை, ராசாத்தி அத்தை. திருவாதவூரில் கட்டிக்கொடுத்திருந்தது. அத்தை மகள் கவிதாவுக்கு ஏழு வயதில் காது குத்து வைத்தார்கள். எங்கள் பக்கம் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். அந்தத் தாய்மாமன் என் அப்பா. அப்போது அவர் கரண்ட் ஆபீசில் லைன்மேன். அன்று காலை பார்த்துக் காற்றில் ஒரு கம்பி அறுந்து விழுந்துவிட்டது. கம்பத்தில் ஏறி அதைச் சரிசெய்து, கையைக் கழுவி, பஸ் பிடித்து அவர் போய்ச் சேர்வதற்குள் நல்ல நேரம் முடிகிறதென்று அத்தை வீட்டுக்காரர் வகையில் ஒருவர் மடியில் வைத்துக் குத்திவிட்டார்கள். அப்பா மாலையும் சீர்த்தட்டுமாகப் பந்தலுக்குள் நுழைந்தபோது பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

"பத்து நிமிஷம் பொறுக்க முடியலையா ஒனக்கு?" என்று தங்கையிடம் கேட்டார். அப்பா தட்டைத் தரையில் வைத்துவிட்டு வந்த வழியே திரும்பினார். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. "எங்கண்ணே என்னையக் கை கழுவிருச்சு" என்று அத்தை பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுததாகக் காதில் விழும். அப்பா கேட்காத மாதிரி பேப்பரைத் திருப்புவார்.

பன்னிரண்டாம் வருஷம் கவிதா எனக்குப் போன் செய்தாள். அத்தைக்கு ஈரல் முற்றாகப் போய்விட்டது, ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "அத்தான், அம்மா மாமாவையேதான் கேட்டுக்கிட்டு இருக்கு. எப்பிடியாவது கூட்டிட்டு வாங்க." நான் அப்பாவிடம் சொன்னேன். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். சாயங்காலம் திரும்பி வந்தபோது கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. உள்ளே கிளிப்பச்சையில் ஒரு சேலை.

"அவளுக்குக் கிளிப்பச்சைன்னா உசுரு. பிடிக்கலைன்னா மாத்திக்கலாமான்னு கேட்டேன். மாத்தலாம்னுட்டான்" என்றார். பிறகு, "காலையில ஒம்பது மணிக்குக் கெளம்பணும். இந்தத் தடவை லேட்டாப் போகக் கூடாது."

எங்கள் கார் பழைய வெள்ளைக் கார். விளாங்குடியில் எங்கள் வீட்டு வாசலில் வேப்ப மரத்தடியில் நிற்கும். என்ஜினுக்குள் ஒரு எலி குடித்தனம் நடத்திச் செத்தும் போயிருந்தது. எலியை எடுத்துவிட்டேன், நாற்றத்தை எடுக்க முடியவில்லை. ஏசியைப் போட்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். அப்பா கதவைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இந்த நாத்தத்தோடயா அவ வீட்டு வாசல்ல போயி எறங்கச் சொல்ற?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

காலை ஆறரை மணிக்கு எழுந்து, முதல் வேலையாகப் போய் பெட்ரோல் போட்டு வந்தேன். (என்ஜின் நல்லாச் சூடா இருந்துச்சு. அது தப்புன்னு அப்பத் தெரியாது.) செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். இஸ்திரி போட்ட சட்டையில் ஒருவர் நான்கே நிமிஷத்தில் என்ஜினைப் புத்தம் புதிதாக்கினார், சட்டையில் ஒரு சொட்டு படவில்லை. எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்று எங்கள் மெக்கானிக் முருகேசன் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் சிம்மக்கல்லில் டீக்கடை முன்னால் நின்றார். அந்த நேரத்தில் சிம்மக்கல்லில் மனிதர்கள் பேசுவதில்லை, டவுன் பஸ்கள்தான் பேசும்.

"அண்ணே, என்ஜின வீட்டுலயே கழுவலாமா?"

"தாராளமாக் கழுவலாம் சார். மொதல்ல பேட்டரியக் கழ..." ஒரு பஸ் ஹாரன் நீளமாக அடித்தது. "...ருங்க. அப்பறம் பியூஸ் பாக்ஸு, ஆல்டர்னேட்டரு, ஏர் பில்ட்டரு, எல்லாத்தையும் நல்லா..." இன்னொரு பஸ். "...ருங்க. மறந்துறாதீங்க சார், அதான் முக்கியம்."

கழுவிருங்க. வேறென்ன சொல்லியிருப்பார்? கழுவுவதைப் பற்றித்தானே பேச்சு. நான் ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டேன்: பேட்டரி, பியூஸ் பாக்ஸ், ஆல்டர்னேட்டர், ஏர் பில்டர். எல்லாத்தையும் நல்லா.

பக்கத்து வீட்டில் பைக் கழுவுகிற பிரஷர் பம்ப் இருந்தது. இரவல் வாங்கினேன். முதலில் பேட்டரி. அதைக் குளிப்பாட்டிய விதத்தில் என் பிள்ளைகளைக்கூட நான் குளிப்பாட்டியதில்லை. பியூஸ் பாக்ஸின் மூடியைத் திறந்து, ஷாம்பு போட்டு, பழைய டூத் பிரஷால் ஒவ்வொரு பியூஸையும் தேய்த்தேன். சூடான என்ஜினில் தண்ணீர் பட்டு ஆவி குப்பென்று எழுந்தது. அழுக்கு போகிறது என்று சந்தோஷப்பட்டேன்.

எட்டரை மணிக்குச் சாவியைத் திருப்பினேன். "டிக்" என்றது. வைப்பர் ஒரு தடவை அசைந்து நின்றது. பிறகு, யாரும் தொடாமலே ஹாரன் அலற ஆரம்பித்தது. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அப்பாவும் வந்தார். உள்ளே கண்ணாடி முன்னால் மீசைக்கு மை அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். பன்னிரண்டு வருஷம் கழித்துத் தங்கை பார்க்கப் போகிறாள், கிழவனாகத் தெரியக் கூடாது. ஒரு பக்க மீசை கறுப்பு, ஒரு பக்கம் வெள்ளை. அந்தக் கோலத்தில் வந்து ஒரு ஒயரைப் பிடுங்கி ஹாரனை நிறுத்தினார்.

"தண்ணிய எதுலடா ஊத்துன?"

"எல்லாத்துலயும்பா."

என்ஜினையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "முப்பது வருஷமா ஊர் ஊராப் போயி, கரண்டு பக்கம் ஈரக்கையோட போகாதீகன்னு சொன்னேன். வீட்டுல சொல்ல மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு மிச்ச மீசையை முடிக்க உள்ளே போனார்.

ஒன்பது மணிக்கு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, முழுக்கக் கறுத்த மீசையுடன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மடியில் சேலைப் பை. "ஆட்டோவப் பிடிடா, போயிருவோம்" என்றார்.

இந்த இடத்தில் நான் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். எத்தனையோ தடவை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். அன்று நான் சொன்னது, "அஞ்சு நிமிஷம்பா. காஞ்சா ஸ்டார்ட் ஆயிரும்."

செல்வியின் ஹேர் டிரையரை எடுத்து வந்து பேட்டரிக்குக் காட்டினேன். "தலைக்கு ஊத்துன புள்ளைக்குப் போடுற மாதிரி சாம்பிராணி போடவா?" என்றாள் அவள். அப்பா இரண்டாம் தடவை ஆட்டோ என்றார். அஞ்சு நிமிஷம். மூன்றாம் தடவையும் அஞ்சு நிமிஷம். கெடுத்தவனே சரிசெய்து காட்ட வேண்டும் என்கிற வீம்பு. அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் போன் போட்டு வரவழைத்த முருகேசன் அண்ணன் வரும்போது மணி பத்தரை. பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்ன சார் இது? பேட்டரியக் கழட்டிருங்கன்னுல்ல சொன்னேன்!"

"கழுவிருங்கன்னு கேட்டுச்சுண்ணே."

"மத்ததெல்லாம் நல்லா மூடிருங்கன்னேன். பாலித்தீன் பையப் போட்டு!"

"அதையும் கழுவிட்டேன்."

"கழட்டிட்டுக் கழுவணும் சார். நீங்க கழட்டாமக் கழுவிட்டீக. வண்டி இன்னைக்கு எந்திரிக்காது."

ஆட்டோ பிடித்தோம். உடை மாற்றக்கூட எனக்கு நேரமில்லை. ஈர பேன்ட்டும் கரி பிடித்த பனியனுமாக ஏறி உட்கார்ந்தேன். ஒத்தக்கடை தாண்டும்போது கவிதா போன் செய்தாள். அழுகை மட்டும்தான் கேட்டது. நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. முன்னால் குனிந்து ஓட்டுநரிடம், "மெதுவாவே போங்க தம்பி. இனி அவசரம் இல்ல" என்றார்.

வயல்கள் போய்க்கொண்டே இருந்தன. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ரோட்டை நான் பார்த்ததில்லை.

அத்தை வீட்டு வாசலில் பெஞ்சு போட்டுவிட்டார்கள். நாங்கள் இறங்கியதும் ஒரு பெண் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: "பொறந்த வீட்டுக் கோடி வந்துருச்சா?" இறந்த பெண்ணுக்கு அண்ணன் தம்பி கொண்டுவந்து போர்த்துகிற புதுச் சேலைக்குத்தான் கோடி என்று பெயர். அப்பா கையிலிருந்த பையைப் பார்த்தார். தங்கை கட்டிப் பார்க்க வாங்கிய சேலை. கடைச் சீட்டுகூட அதில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, உள்ளே போய், கிளிப்பச்சையை அத்தை மேல் விரித்தார்.

கவிதா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "காலையில இருந்து வாசலையேதான் பாத்துக்கிட்டு இருந்துச்சு மாமா. பாலு ஊத்த வந்தவகளக்கூட விடல. 'பொறுங்க, எங்கண்ணே வரட்டும்'னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. இந்தத் தடவை நாங்க யாருமே அவசரப்படல மாமா."

அப்பா அழுது நான் அன்றுதான் பார்த்தேன். குலுங்கிக் குலுங்கி அழுதார். மீசை மை கன்னத்தில் வழிந்தது. என்னால் அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்தேன்.

வெளியே வந்தவனை ஒருவர் மேலும் கீழும் பார்த்தார். "மெக்கானிக்கா தம்பி? நல்ல நேரத்துல வந்தீக. ஐஸ் பெட்டி ஜெனரேட்டரு நின்னு போச்சு, கொஞ்சம் பாருங்க" என்று கையைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்துப் போனார். ஜெனரேட்டர் முன்னால் உட்கார்ந்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். (தொட்டுறக் கூடாதுல்ல.) அங்கே யாரும் இல்லை. நிறைய அழுதேன்.

அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். பதினாறாம் நாள் காரியத்தில் சொந்தக்காரர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, அவரே எடுத்துவிட்டார்: "எம் மகன் இயற்பியல் வாத்தியாரு. கழட்டுன்னா கழுவுவான்." முழுக் கதையையும், ஹாரன் அலறியது உட்பட, நடித்துக் காட்டினார். பந்தலே சிரித்தது. அவரும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தார். அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில், வேலையைக் கெடுத்தவனைப் பார்த்துப் "பெருசாக் கழுவிட்டாரு" என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

இப்போதும் வருஷத்துக்கு ஒரு தடவை என்ஜினைக் கழுவுகிறேன். முதல் நாளே வண்டியை ஆறப் போடுவேன். பாலித்தீன் பைகளை ரப்பர் பேண்டு போட்டு மூடுவேன். பிரஷர் பம்பைத் தெருவுக்குள்ளேயே விடுவதில்லை. அப்பா பக்கத்தில் வந்து நிற்பார். "கழட்டிட்டியா?" "கழட்டிட்டேன்பா." "காட்டு." பேட்டரி ஒயரின் நுனியைத் தூக்கிக் காட்டுவேன். "சரி, கழுவு."

போன ஆவணியில் கவிதாவுக்குக் கல்யாணம். அதற்கு ஒரு வாரம் முன்னால் அவள் அப்பாவுக்குப் போன் செய்தாள். எனக்கும் கேட்கட்டும் என்று அப்பா ஸ்பீக்கரைப் போட்டார்.

"மாமா, ஒங்க மாலை விழுகாம எங் கழுத்துல தாலி ஏறாது. எம்புட்டு நேரமானாலும் பொறுத்திருப்போம். அத்தான்கிட்ட மட்டும் சொல்லிருங்க, காரக் கழுவ வேணாம்னு."

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்பா முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே, பஸ்ஸில், துணிப்பையோடு கிளம்பினார். அவரை ஏற்றிவிட நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோது, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அன்னைக்கு நாத்தத்தோடயே போயிருக்கலாம்டா. நாந்தான் ஒன்னையக் கெளப்பிவிட்டேன். அவ மூக்கப் பொத்திக்கிட்டுத் திட்டியிருப்பா, அம்புட்டுத்தானே."