குழாய்க்குள் ஒரு நிமிடம்

காலை எட்டரை மணிக்கு, ஒரு காட்டில், பதினேழு குரங்குகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குழம்புத் தொழிற்சாலையின் வாசலில் உட்கார்ந்திருந்தன. உள்ளே, சூடான குழாயைக் கவனித்துவந்தது செங்கமலம் என்ற முள்ளம்பன்றி.

"குழம்பா அது? பேதி மருந்துன்னு டப்பாவுல எழுதுங்கடா!" என்று கத்தியது ஒரு கிழட்டுக் குரங்கு.

சேனைக்கிழங்குத் துண்டுகள் குழம்போடு சேர்ந்து அந்தக் குழாய் வழியாக ஓடி டப்பாவில் விழும். ஒவ்வொரு துண்டும் சூட்டில் ஒரு நிமிடமாவது இருந்தால்தான் கிருமி சாகும். "நடுவுல போற துண்டு வேகமா ஓடிருது முதலாளி, பம்பைக் கொஞ்சம் மெதுவா விடலாம்" என்று செங்கமலம் பலமுறை சொல்லியிருந்தது. முதலாளிக் கரடி கேட்கவில்லை.

ஆய்வாளர் கொக்கு கடிகாரத்துடன் வந்தது. "ஒரு துண்டை உள்ளே விடுங்க. நிமிஷத்துக்கு முன்னால வெளியே வந்தா சீல் வச்சிருவேன்."

எல்லாத் துண்டும் ஒரே மாதிரி இருந்தன. உள்ளே போனதுதான் வெளியே வருகிறது என்று எப்படித் தெரியும்? மஞ்சள் பூசினார்கள், குழம்பே மஞ்சளாக இருந்தது. நூல் கட்டினார்கள், அவிழ்ந்துவிட்டது. கரடியின் பார்வை செங்கமலத்தின் முதுகில் விழுந்தது.

"ஏம்மா, ஒரு முள்ளு குடேன். செருகி விடுவோம்."

"முள்ளு குழாய்ல சிக்கும் முதலாளி. துண்டு தாமதமாத்தான் வரும். அளவு தப்பாயிரும்."

"தாமதம்தானே வேணும்?" என்றது கொக்கு.

தொழிற்சாலையை மூடினால் தன் வேலையும் போகும். செங்கமலம் கண்ணை மூடிக்கொண்டு ஒரு முள்ளைப் பிடுங்கிக் கொடுத்தது. துண்டு சிக்கிச் சிக்கி நான்கு நிமிடம் கழித்து வந்தது. கரடி கைதட்டியது. கொக்கு சான்றிதழ் எழுதியது: முள் செருகிய துண்டு பாதுகாப்பானது.

"அப்போ முள்ளு இல்லாத துண்டு?" என்று கேட்டது செங்கமலம்.

"அதை நான் அளக்கலையே. இனிமே எல்லாத்துலயும் செருகிருங்க."

செருகிய முள் துண்டோடு டப்பாவுக்குள் போய்விடும். ஆகவே தினமும் புது முள் வேண்டியிருந்தது. குரங்குகளுக்கு வயிற்றுவலி நின்று வாயில் குத்தத் தொடங்கியது. வாய் தன் பிரிவில் வராது என்று கொக்கு எழுத்துமூலம் தெரிவித்தது.

"முதுகு காலியாகுது முதலாளி. இப்பவாச்சும் பம்பைக் குறைங்களேன்."

"பம்பைத் தொட்டா மறுபடி சோதனை வைப்பாங்கம்மா. உனக்குத்தான் முள்ளு முளைக்குமே!"

முளைத்தது. பிடுங்கிய வேகத்தில் முளைக்கவில்லை.

புரட்டாசி ஒன்பதாம் தேதி காலை, வேலைக்கு வந்துகொண்டிருந்த செங்கமலத்தைச் சிறுத்தை ஒன்று எந்தச் சிரமமும் இல்லாமல் தின்றது. அன்று மாலை தொழிற்சாலைக் கதவில் ஆள் தேவை என்று பலகை மாட்டினார்கள். முள் உள்ளவர்களுக்கு முன்னுரிமை.

நீதி: அதிகாரி எதையாவது அளக்க வரும் நாளில், உடம்பில் கூர்மையாக எதையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்காதே.